பூசியவரின் மூக்குக்கு எட்டாதது

நாகூர் தர்காவைச் சுற்றியுள்ள கடைகளில் அத்தர் வாங்கிப் பழகியவர்கள் சீசாவை முகர்ந்து பார்த்து முடிவு செய்வதில்லை. கையை நீட்டுவார்கள். கடைக்காரர் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். விவரம் தெரிந்த பாயாக இருந்தால், "இப்பவே மோந்து பாக்காதீங்க, தர்காவுக்குப் போயிட்டு வந்து சொல்லுங்க" என்பார். சீசாவுக்குள் இருப்பது பாதிதான், மீதியைப் போடுகிறவரின் தோல்தான் செய்து முடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தொழிலில் தெரிந்த சேதி.

அப்படி ஒரு கடையில் நானும் அத்தையும் அண்ணன் மகளும் ஒரே சீசாவிலிருந்து பூசிக்கொண்டோம். எடுத்த எடுப்பில் அன்னாசியும் கனிந்த பீச் பழமும். அதற்கடியில் ரோஜா. எல்லாவற்றுக்கும் அடியில், கடைகளில் 'ஒயிட் மஸ்க்' என்று விற்கும் வெண்கஸ்தூரி. அண்ணன் மகளுக்கு எண்ணெய்ப்பசை உள்ள மேனி. வெயிலில் நடந்து வந்த சூடு வேறு. அன்னாசி போன பிறகும் பீச்சின் தித்திப்பு ரோஜாவோடு சேர்ந்து, நாங்கள் ரயில் ஏறும்வரை அவள் கையில் இருந்தது. எழுபதைத் தாண்டிய அத்தைக்கு வறண்ட கை. டீ குடித்து முடிப்பதற்குள் அங்கே பழம் இல்லை. ரோஜாவும் மெலிந்தது. பிறகு துவைத்து வெயிலில் காயப்போட்ட மல்துணியின் வாசம்போல ஒன்று மட்டும் நின்றது. என் கையில் என்னவோ ரோஜாதான் கடைசிவரை பேசியது.

"எனக்கு ஒண்ணுமே வரலையேடி, எல்லாம் போயிடுச்சு" என்றார் அத்தை.

"உங்ககிட்டதான் அத்தைப்பாட்டி நல்லா வருது!" என்று சொல்லி அவர் கையை விடாமல் பிடித்து முகர்ந்தாள் அவள்.

இதைத் தோலின் அமிலத்தன்மை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நிறைவில்லை. ஆரோக்கியமான எல்லாத் தோலுமே லேசான அமிலத்தன்மை உள்ளதுதான். ஆளுக்கு ஆள் வித்தியாசம் சிறிது. பெரிய வேலையைச் செய்பவை தோலின் எண்ணெயும் ஈரமும் சூடும். அன்னாசி வாசனைக்குப் பயன்படும் எத்தில் பியூட்டிரேட்டின் மூலக்கூறு எடை 116. இன்றைய மஸ்க்குகளில் பரவலான கேலக்ஸோலைடுக்கு 258. லேசானது முதலில் பறக்கிறது, கனத்தது உட்கார்ந்துவிடுகிறது. தோலில் எண்ணெய் இருந்தால் மணம் அதில் கரைந்து தங்கிப் போகும். இல்லாவிட்டால் அதைப் பிடித்துவைக்க ஆளில்லை. வயதாக ஆகத் தோல் சுரக்கும் எண்ணெய் குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இன்னும் குறையும். ஸ்பிரேயில் ஆல்கஹால் ஆவியாகும்போது மணத்தையும் மேலே தூக்கிவிட்டுப் போகிறது. அத்தரில் அந்த உந்துதல் கிடையாது. எண்ணெயாகவே தோலோடு கிடந்து மெல்ல வெளிப்படுவதால் தோலின் சொல் அங்கே கூடுதலாக எடுபடுகிறது.

கஸ்தூரியின் கதை பெரியது. இமயமலைப் பகுதியின் கஸ்தூரி மானுக்காக மனிதர்கள் செய்த கொடுமையும் அதில் உண்டு; இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அந்த மானைப் பாதுகாக்கிறது. 1888-இல் ஆல்பர்ட் பாவர் என்ற வேதியியலாளர் வெடிமருந்து தேடிப் போய்ச் செயற்கைக் கஸ்தூரியைக் கண்டார். இயற்கைக் கஸ்தூரியின் உயிரான மஸ்கோன் எப்படி அமைந்தது என்பதை 1926-இல் ருசிச்கா அவிழ்த்தார். 1939-இன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். இப்போது சீசாவில் வருவது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து மஸ்க்தான். நல்லதே.

ஆனால் அத்தையின் குறைக்கு இவை எதுவும் பதிலாகவில்லை. பழமும் ரோஜாவும் அவருக்குத் தெரிந்தன, மஸ்க் மட்டும் தெரியவில்லை. மஸ்க் வகைகளில் ஒன்றையோ சிலவற்றையோ முகரவே முடியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. மற்ற வாசனைகளில் அவர்களுடைய மூக்குக்கு ஒரு குறையும் இருக்காது. கேலக்ஸோலைடை ஒருவர் எவ்வளவு உணர்கிறார் என்பதற்கும் ஒரு முகர்ச்சி மரபணுவின் வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனித அக்குள் வாடையின் முக்கிய அமிலம் ஒன்றையும் அதே ஆய்வு எடுத்துப் பார்த்தது. அதை உணர்வதிலும் ஆளுக்கு ஆள் மரபணு வேறுபாடு இருந்தது. ஆக, தோல் மட்டுமல்ல, முகர்பவரின் மூக்கும் சேர்ந்துதான் ஒரு மணம் ஆகிறது.

இதற்கு மேல் இன்னொன்று. நல்ல மூக்கு உள்ளவரும் தன் மேல் பூசியதைச் சில நிமிடங்களில் உணராமல் போகிறார். மாறாமல் வந்துகொண்டே இருக்கும் வாசனையை மூளை கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. கல்யாண வீட்டில் ஒருவர் அளவுக்கு மீறிப் பூசி வருவது பகட்டினால் என்று நான் நினைப்பதில்லை. அவர் மூக்குக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

2012-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்களின் ஓர் அக்குளில் அவரவரே தேர்ந்து வழக்கமாகப் பூசும் வாசனை, மறு அக்குளில் ஆய்வாளர்கள் கொடுத்த வாசனை. இரண்டிலும் பஞ்சுத் துண்டு. முகர்ந்து பார்த்தவர்களுக்கு, பூசியவர் தானே தேர்ந்த வாசனை அவர் உடம்பு வாடையோடு சேர்ந்த கலவையே கூடுதல் இனிமையாக இருந்தது. இத்தனைக்கும் உடம்பில் படாமல் தனியாக முகர்ந்தால் அந்த இரு வாசனைகளுக்குள் இனிமையில் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை. தன் உடம்பின் வாடையைத் தெளிவாக அறியாத ஒருவர், அதற்கு இசைவானதைக் கை தடவிக் கண்டுபிடிக்கிறார். பலனை அனுபவிப்பவரோ வேறொருவர்.

1975-இல் ஐடன் மேக்ஃபார்லேன் வெளியிட்ட ஆய்வை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும். பிறந்து 6 நாளான குழந்தைகளின் தலைக்கு ஒரு பக்கம் சொந்தத் தாயின் மார்பில் வைத்திருந்த துணி, மறுபக்கம் வேறொரு தாயினுடையது. குழந்தைகள் தங்கள் தாயின் பக்கமே அதிகம் திரும்பின. அந்தத் தாய் எந்த அத்தரையும் தேர்ந்தெடுக்கவில்லை. தன்னிடம் அப்படி ஒரு மணம் இருப்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவளை அடையாளம் காண அது ஒன்றே போதுமானதாக இருந்தது. நம்முடைய மணம் நமக்குச் சொந்தமே இல்லை; நம்மை நெருங்கி வந்தவர்களிடம்தான் அது இருக்கிறது. அவர்கள் சொன்னால் தெரிந்துகொள்கிறோம். சொல்ல ஆளில்லாதவர்களுக்குத் தங்களைப் பற்றிய அந்த ஒரு சேதி கிடைக்காமலே போகிறது.

முதியோர் இல்லத்தில் இருக்கும் என் பழைய டீச்சருக்குச் சின்னச் சீசாவில் ரோஜா அத்தர் கொண்டுபோவேன். அவருக்கு மூக்கு மங்கிவிட்டது. வறண்ட கையில் முதலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, அதன் மேல் பூசிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். நடுவில் கையை நீட்டிக் கேட்பார்: "இன்னிக்கு எப்படி வருது?"

"ரோஜா இன்னும் இருக்கு டீச்சர். அடியில உங்க வாசம் வருது."

"அது எப்படி இருக்கும்?" என்பார். அதை விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.