விற்போனின் மௌனம்

பொய்யுரைத்தல் தீது என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், உரைக்காதிருத்தலும் பொய்யாகுமா என்னும் வினா அத்துணை எளிதன்று. அன்றாட வாழ்வில் இவ்வினா கூர்மையுற்று எழும் இடம் சந்தையாகும். அதிலும், ஒருவர் பாவித்த பொருளை இன்னொருவர் விலைகொடுத்து வாங்கும் சந்தையாகும். அங்கே விற்போன் யாவும் அறிந்தவன். வாங்குவோன் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் அறிந்தவன். இவ்விருவருக்கும் இடையே நிலவும் மௌனத்தை எவ்வாறு மதிப்பிடுவது?

என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே இதனை ஆராய விழைகிறேன். பழுகாமத்திலே பிறந்து, கட்டாரில் சில ஆண்டுகள் உழைத்து மீண்ட என் பெரியம்மாவின் மகன், 2021 இல் டொயோட்டா செலிக்கா ஒன்றை வாங்கினார். 1970 இல் முதன்முதல் வெளிவந்து, 2006 இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட இரு கதவுகள் கொண்ட விளையாட்டுக் கார் அது. செலிக்கா என்னும் பெயர் வானுலகைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நெல்மூட்டை ஏற்றவோ, குடும்பமாகக் கோயிலுக்குப் போகவோ அது உதவாது என்று பெரியம்மா சொன்னார். அண்ணனோ பாடசாலைக் காலத்தில் ஒரு படத்தில் கண்ட நாள் முதலாக அதனை நெஞ்சில் சுமந்தவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டமையால் பாவித்த வாகனங்களின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இன்று விட்டால் என்றும் கிடையாது என்ற அச்சமும் ஆசையும் ஒருங்கே அவரை உந்தின.

பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்கு அதனைக் கொண்டுவந்த சில நாட்களிலேயே, வண்டி ஒரு பக்கமாக இழுப்பதை அவர் உணர்ந்தார். உயர்த்திப் பார்த்தபோது, முற்பகுதிச் சட்டம் ஒருகால் விபத்தில் நசுங்கிப் பின் ஒட்டவைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. பளபளத்த வர்ணத்தின் கீழே தகட்டின் பள்ளங்கள் பசையிட்டு நிரப்பப்பட்டிருந்தன. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தபோது கிடைத்த விடை ஒன்றே: “நீங்கள் கேட்கவில்லையே.”

அவ்விடை சட்டத்துக்கு முழுதும் புறம்பானதன்று. இலங்கையின் 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றியது. ‘வாங்குவோனே, விழித்திரு’ என்னும் பழங்கோட்பாடு, சில விதிவிலக்குகளோடு, அதனுள் உறைந்து கிடக்கிறது. எனினும், சட்டம் தண்டியாதவை யாவும் அறமாகிவிடுமா?

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினா எழுப்பப்பட்டுள்ளது. உரோமானியச் சிந்தனையாளர் சிசெரோ, கி.மு. 44 இல் கடமைகள் பற்றி எழுதிய நூலில், இரு மெய்யியலாளரின் முரண்பட்ட கருத்துகளை எடுத்துரைக்கிறார். குறைபாடுள்ள வீட்டை விற்பவன் அக்குறையைச் சொல்ல வேண்டுமா என்பது அங்கு எழும் வினா. சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது தயோஜனிஸ் கொண்ட நிலை. வாங்குவோன் அறியாமையால் இடருறுவதைக் கண்டும் வாளாவிருத்தல், வழிதவறியவனுக்கு வழிகாட்டாமையினும் கொடிது என்பது அந்திபாத்தரின் நிலை. சிசெரோ பின்னவர் பக்கமே சார்கிறார். வள்ளுவரும் வாய்மைக்கு இலக்கணம் வகுக்குமிடத்துப் பிறர்க்குத் தீங்கு பயவாமையையே அளவுகோலாகக் கொண்டார். அவ்வளவுகோலை மௌனத்தின்மேல் வைத்து நோக்கின், தீங்கு பயக்கும் மௌனம் வாய்மையின் புறத்தே நிற்பதாகும்.

மௌனத்தின் தீங்கு இருவரோடு முடிந்துவிடுவதன்று. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கலோவ் 1970 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் பாவித்த கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குவோர் பிரித்தறிய இயலாதபோது, அவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலையே கொடுக்க முன்வருவர். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க மனமின்றி அதன் சொந்தக்காரர் விலகுவார், கெட்டவையே எஞ்சும். 2001 இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடித்தளமிட்ட ஆய்வு இதுவாகும். சொல்லாது விட்டவன் ஒருவனை மட்டும் ஏமாற்றவில்லை. உண்மை சொல்வோனுக்குச் சந்தையில் இடமில்லாமற் செய்வதிலும் பங்குகொள்கிறான்.

ஆயின், வாங்குவோன்மீது குற்றமேயில்லையா? அண்ணன் எஞ்சினின் ஓசையைக் கேட்டார், இருக்கையைத் தடவினார், நிறத்தை வியந்தார். ஒரு சிறு காந்தத்தைத் தகட்டின்மேல் வைத்துப் பார்த்திருந்தால், தடித்த பசையிட்ட இடத்தில் அது பற்றாதிருப்பதைக் கண்டிருப்பார். அவர் கேட்காதது அறியாமையால் மட்டுமன்று. விடை தம் கனவைக் கலைத்துவிடும் என்று உள்ளூர அஞ்சியதாலுமாகும். ஆசை தானே தன் கண்களைக் கட்டிக்கொள்கிறது. எனினும் பிறன் கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்பது, அவனைப் பள்ளத்தின் வழியே நடத்திச் செல்ல எனக்கு உரிமை தந்துவிடாது.

உண்மையான சோதனை பின்னரே வந்தது. 2025 பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கம் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, பாவித்த வாகனங்களின் விலை வீழுமென்ற பேச்சு எழுந்தது. அண்ணன் செலிக்காவை விற்க எண்ணினார். எழுவான்கரையிலிருந்து இளைஞன் ஒருவன் வந்தான். அவனும் ஓசையைக் கேட்டான், இருக்கையைத் தடவினான், எதையும் வினவவில்லை. அன்றிரவு அண்ணன் என்னிடம் சொன்னார்: “கேட்டாச் சொல்லுறன் தம்பி. கேக்காட்டி நான் ஏன் வாயைத் திறக்கணும்? எனக்கு ஆர் சொன்னது?”

ஏமாற்றப்பட்டவனின் இவ்வாதம் இலேசாகத் தள்ளத்தக்கதன்று. இழந்தது அவர் உழைப்பு. ஆனால், அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை அவ்விளைஞன் இழைக்கவில்லை. கடனை வாங்கியவனிடம் அறவிட இயலாமல், தெருவிற் போவோனிடம் அறவிடுதல் நீதியாகாது. மேலும், விபத்துண்டு ஒட்டப்பட்ட சட்டம் பணத்தோடு மட்டும் தொடர்புடையதன்று. இன்னொரு மோதலில் அது உயிரோடு தொடர்புடையதாகிவிடும்.

அவ்வாறாயின் விற்போன் யாவற்றையும் சொல்லவேண்டுமா? அவ்வாறு கொள்ளுதல் மிகையாகும். அடுத்த தெருவில் இதே வண்டி மலிவாகக் கிடைக்கும் என்பதைச் சொல்ல அவன் கடமைப்பட்டவனல்லன். அதை வாங்குவோன் தேடியறியலாம். தேய்ந்த டயரையும் அவன் கண்ணாலே காணலாம். ஆனால், விற்போன் மட்டுமே அறிந்ததும், வாங்குவோன் எளிதில் அறிய இயலாததும், அறிந்தால் அவன் முடிவை மாற்றக்கூடியதுமான குறையைச் சொல்லுதல் கடமையே. எல்லை அங்கேதான் அமைகிறது என்பது என் துணிபு.

எங்கள் ஊரில் திரௌபதை அம்மன் ஆலயம் உண்டு. தீமிதிப்புக் காலத்தில் பாண்டவர் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தருமன் துரோணரிடம் கூறியது முழுப் பொய்யன்று. அசுவத்தாமன் என்ற பெயருடைய யானை இறந்தது உண்மையே. கேட்கவேண்டிய சொல் கேளாதவாறு மெல்ல உரைக்கப்பட்டது, அவ்வளவே. அதுவரை நிலத்துக்கு நால்விரல் உயரத்தில் ஓடிய அவன் தேர் அன்றே மண்ணைத் தொட்டது. அன்றிரவு இக்கதையை நான் அண்ணனுக்கு நினைவூட்டவில்லை. அவர் அறியாத கதையன்று அது.

மறுநாள் அவர் அவ்விளைஞனை அழைத்து, வண்டியை உயர்த்தி, ஒட்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பேசிய விலை வெகுவாகக் குறைந்தது. குனிந்து பார்த்து நிமிர்ந்த இளைஞன் விலையைப் பற்றி எதுவும் கேட்குமுன் வேறொன்றைக் கேட்டான்:

“ஏன் அண்ணே இதைச் சொன்னீங்க?”

உண்மையைச் சொன்னதற்கு ஒருவர் காரணம் கூறவேண்டிய நிலைக்கு நம் சந்தை வந்துவிட்டது. அண்ணனிடம் அதற்கு விடை இருக்கவில்லை. விடை தேடவேண்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.