தண்ணீர்ப் பந்தலின் கணக்கு

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு கண்ணகியம்மன் கோயிலுக்கு நான் வண்ணக்கர், நிருவாகப் பொறுப்பாளர். வைகாசிச் சடங்கில் கதவு திறந்த நாள் தொடங்கிக் குளிர்த்தி வரைக்கும் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்குத் தண்ணீர்க் கேன் தருகிறவள் போரில் கணவனை இழந்த ஒரு பெண். கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி, ஓட்டோவில் ஏற்றி வீடு வீடாக விற்றுப் பிழைக்கிறாள். முந்தின வருடம் அவளுக்குரிய காசை ஆவணி வரை இழுத்தடித்தேன். அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது மெசின் நின்றுகிடந்தது.

"பில்டர் மாத்தக் காசில்ல சேர்."

"கேட்டிருக்கலாமே பிள்ளை?"

"அம்மாளுட்டப் போய்க் கடன் கேக்கேலுமா?"

கடைக்காரனிடம் சண்டை பிடித்தாவது வாங்கலாம். தெய்வத்தின் வாசலில் ஏழை வாய் திறக்க மாட்டாள். அந்த மௌனத்தை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு விலை வாங்குவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவன். அவள் காசு எனக்கு அவசரமாகப் படாததற்கு அதுவும் காரணம்.

தண்ணீர் தானாக வருவதில்லை என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. 2004 டிசெம்பர் 26இல் சுனாமியில் கடல் ஏறியபின் கல்லடியில் என் அக்கா வீட்டுக் கிணறு உப்பாகிப்போனது. இறைத்தால் தெளியும் என்று திரும்பத் திரும்ப இறைத்தோம், உப்புக் கூடியது. வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள அந்த மணலில் நன்னீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பிறகு தண்ணீர்ப் பவுசருக்காக வாளியோடு வரிசையில் நின்றோம். மழை தந்த தண்ணீருக்கு விலையில்லை. அதைச் சுமந்து வருகிற தோளுக்கு உண்டு.

காத்தான்குடியில் எனக்கொரு மௌலவி நண்பர் இருக்கிறார். அவரிடம் அவளுடைய காசு விடயத்தைச் சொன்னபோது மதீனாவின் ரூமா கிணற்றைப் பற்றிச் சொன்னார். ஓர் அறிவிப்பின்படி, சுவனத்து ஊற்றொன்றுக்கு ஈடாக அந்தக் கிணற்றைத் தரும்படி நபிகள் நாயகம் அதன் சொந்தக்காரரைக் கேட்டார்கள். எனக்கும் என் குடும்பத்துக்கும் இதைவிட்டால் பிழைப்பில்லை என்று அவர் மறுத்துவிட்டார். நபித்தோழர் உஸ்மான் அவர்கள் பெரும் விலை கொடுத்து அதை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். ஏழையின் கிணற்றைப் புண்ணியத்தின் பெயரால் இலவசமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பெரியபுராணத்திலும் ஒருவர் இருக்கிறார். திங்களூர் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். தன் பொருளைச் செலவழித்து, திருநாவுக்கரசர் பெயரை எழுதினார். நாங்கள் செய்தது நேர்மாறு. அவள் உழைப்பைச் செலவழித்து, உபயகாரரின் படத்தைப் பதாகையில் போட்டோம்.

இந்த வைகாசிக்கு முன் நிருவாகசபையில் பேசினேன். வெளியூர்ப் போத்தல் தண்ணீர் மலிவாக லொறியில் வரும் என்றார்கள் சிலர். மலிவுதான். மதுரையை எரித்து வந்தவளைக் குளிர்விக்க ஊர்கூடுகிற சடங்கில், ஊருக்குள் ஒருத்தியின் வயிறு எரியலாமா என்று கேட்டேன். கதவு திறக்கிற அன்றே முழுக்காசும் கொடுப்பதென்று முடிவானது.

அவள் எண்ணி வாங்கினாள். பிறகு ஓட்டோவிலிருந்து ஒரு கேனைத் தனியே இறக்கி வைத்தாள்.

"இதுக்குக் காசு வேணாம் சேர். இது என்ட நேத்தி."

அந்தக் கேனுக்கு அவள் பெயரில் உபயப் பற்றுச்சீட்டு எழுதினேன்.