இருக்கலாம்

ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு அதற்காகப் பல வருஷங்கள் வெட்கப்பட முடியுமா? முடியும். நான் கதை எழுதுகிறவன். பொய்யை மெய்போல எழுதிக் காசு வாங்குகிறவன். ஆனால் என்னை உறுத்துகிற சொல் கதையில் எழுதியதல்ல. ஒரு மனுவில் எழுதியது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். பீரங்கிப் படைக்காரர், 1971-ம் வருஷத்து யுத்தத்தைப் பார்த்தவர். வலது காது அடியோடு கேட்காது. அதற்காக ஊன பென்ஷன் கேட்டு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். பேனாவை எடுத்ததும் எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது.

"ஐயா, உங்களுக்கு வயசும் ஆயிடுச்சே. காது போனது அதனாலேயும் இருக்கலாம் இல்லையா?" என்று அவருடைய இடது பக்கமாகக் குனிந்து கேட்டேன்.

"இருக்கலாம் தம்பி. ஆனா ஒரு காதுக்கு மட்டும் எப்படித் தனியா வயசாச்சு?" என்றார்.

சிரித்தேன். சிரித்துவிட்டு, 'பீரங்கிச் சத்தத்தினால் கேட்கும் சக்தி போயிருக்கலாம்' என்று எழுதினேன். 'போயிற்று' என்று எழுதவில்லை. உண்மைக்கு விரோதமாக எழுதக் கூடாதாம், கதாசிரியருக்கு! மனு தள்ளுபடியாகித் திரும்பி வந்தது. அந்தச் சொல்லினால்தான் தள்ளினார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. இருக்கலாம்.

பிற்பாடு ஒரு நாவலுக்காக அமெரிக்கச் சட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இதே 'இருக்கலாம்' அங்கே பெரிய விவகாரமாக இருப்பதைக் கண்டேன். அங்கே முன்னாள் சிப்பாய் ஒருவன் ஊனத்துக்கு உதவித்தொகை கேட்டால் மூன்றைக் காட்ட வேண்டும். உடம்பில் இன்று ஊனம் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்தபோது ஏதோ நேர்ந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. மூன்றாவதுதான் முள். முப்பது வருஷத்துக்கு முன்னால் விழுந்த குண்டுக்கும் இன்றைய முதுகு வலிக்கும் நடுவே யார் கயிறு கட்டிக் காட்டுவது?

அதனால் அந்தச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. சாதகமான சாட்சியமும் பாதகமான சாட்சியமும் ஏறக்குறைய சமமாக நின்றால், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்: சந்தேகம் பேட்ஸ்மேனுக்கு. 1990-ல் இதை விளக்கிய நீதிமன்றமும் தங்கள் நாட்டு பேஸ்பால் ஆட்டத்தைத்தான் உதாரணம் காட்டியது. ஆனால் டாக்டர் சீட்டில் 'இருக்கலாம்' என்று மட்டும் எழுதினால் அது வெறும் ஊகமென்று தள்ளப்படும். 'ஆம் என்பதற்கும் அல்ல என்பதற்கும் சம வாய்ப்பு உண்டு' என்று எழுதினாலோ வழக்கு நிற்கும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மனைவி கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாட்சியத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. 1973 ஜூலை 12-ந் தேதி செயின்ட் லூயிஸ் நகரையொட்டிய சர்க்கார் காப்பகத்தில் தீப் பிடித்தது. அங்கே இருந்த ராணுவக் கோப்புகளில் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை சாம்பலாயின. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு 80 போயிற்று. நகல் கிடையாது. இரண்டு உலக யுத்தங்களிலும் கொரியாவிலும் அடிபட்டவர்களின் காகிதங்கள் அவை. எரிந்தது சர்க்காரின் பாதுகாப்பில், 'ஆதாரம் எங்கே?' என்று கேட்பதும் சர்க்கார்! இப்படிப்பட்ட வழக்குகளில் சந்தேகத்தின் பலனை அதிக அக்கறையோடு பரிசீலித்து, முடிவுக்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்று 1991-ல் ஒரு தீர்ப்பு வந்தது. அக்கறைதான் அதிகம், கோப்பு எரிந்தது என்பதற்காக மட்டும் ஜெயம் இல்லை.

மேல்முறையீடு கேட்பதற்கென்று 1933-ல் ஒரு வாரியம் ஏற்படுத்தினார்கள். 1988 வரையில் அது சொன்னதுதான் முடிவு. கோர்ட்டு வாசலை மிதிக்க வழியில்லை. வக்கீல் வைக்கலாம், ஆனால் அவருக்கு 10 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது! 1864-ல் போட்ட வரம்பு அது. 1985-ல்கூட அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. இங்கே எதிராளி என்று யாரும் இல்லையே, சர்க்காரே சிப்பாயின் பக்கம்தானே, பிறகு வக்கீல் எதற்கு என்பது வாதம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2019 முதல் மூன்று வழிகள்: புதிய ஆதாரத்தோடு மறுபடி கேட்கலாம், இருக்கிற ஆதாரத்தையே மூத்த அதிகாரி ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம், வாரியத்துக்கே போகலாம்.

இவ்வளவு இருந்தும் எனக்குச் சமாதானம் ஏற்படவில்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு என்கிறது சட்டம். சரி; அதிகாரிக்குச் சந்தேகமே வராவிட்டால்? 'தட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது' என்று அவர் எழுதிவிட்டால் சலுகை பேச்சுக்கே வருவதில்லை. எந்தச் சட்டமும் ஒரு மனிதனைச் சந்தேகப்படும்படி கட்டாயப்படுத்த முடியாது. அதுவும் தினம் இத்தனை கோப்பு முடிக்க வேண்டும் என்றிருப்பவனுக்கு நிச்சயம் என்பது எவ்வளவு சௌகரியம்! 2025 மார்ச்சில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. தட்டு சமமா, சாய்ந்ததா என்பது பெரும்பாலும் வாரியம் முடிவு செய்கிற சங்கதி. அப்பட்டமான பிழை தெரிந்தாலொழிய மேல் கோர்ட்டு அதை மறுபடி நிறுத்துப் பார்க்காது என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். இருவர் ஒப்பவில்லை. நான் அந்த இருவர் பக்கம்.

பொது ஜனங்களின் பணமாயிற்றே, புரட்டுக்காரர்களும் வருவார்களே என்று கேட்பீர்கள். வருவார்கள். கேட்கும் காதைப் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு வருகிறவனும் உண்டு. அவனுக்குக் கொடுத்தால் கஜானாவில் சில ரூபாய் குறையும். உண்மையானவனை அனுப்பிவிட்டால் அவன் வீட்டில் அடுப்புப் புகைவது நிற்கும். இரண்டும் பிழைதான், ஆனால் ஒன்றின் விலையைத் தேசம் பங்கிட்டுக் கொள்கிறது, மற்றதன் விலையை ஒருவன் தனியாகக் கொடுக்கிறான்.

நம் சுப்ரீம் கோர்ட்டும் 2013-ல் இதையொட்டி ஒரு தீர்ப்புச் சொன்னது. சேரும்போது நோய் இருப்பதாகக் குறிப்பில்லாதவன், நோயினால் விலக்கப்பட்டால், அது சேவையில் வந்ததென்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பாரம் சிப்பாய் மேல் இல்லை. சந்தேகத்தின் பலன் அவனுக்கே. பத்திரிகையில் இதைப் படித்தபோது ஹவில்தார் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவருடைய மகள் சில காகிதங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவற்றைத் தேடி எடுத்துப் பிரித்தேன். நான் எழுதிய மனுவுக்குக் கீழே, பட்டாளத்தில் சேர்ந்தபோது நடந்த வைத்தியப் பரிசோதனையின் நகல் ஒன்று மஞ்சளேறிக் கிடந்தது. இரண்டு காதுகளும் நன்றாகக் கேட்கின்றன என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார். 'இருக்கலாம்' என்று எழுதவில்லை.