யாருடைய முழங்கால்?

நாலு வருஷங்களுக்கு முன்னால் என் தாயாருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவளுக்கு வயது 72. டாக்டர் கெட்டிக்காரர், நல்லவரும் கூட. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, குருத்தெலும்பு தேய்ந்துபோன இடத்தை எனக்குக் காட்டினார். அம்மா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். ஆனாலும் அவர் என்னிடம் பேசினார். நானும் அவள் பக்கம் திரும்பாமலே தலையை அசைத்தேன். மூத்த பிள்ளை அல்லவா? நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

சிகிச்சை பலித்தது. வலி போயிற்று. கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒருநாள், சமையலறை மூலையில் சாத்தி வைத்திருந்த அரிவாள்மனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமேல் தரையில் உட்காரக் கூடாதுன்னு முன்னாலேயே தெரியுமாடா?"

"டாக்டர் சொன்னாரே, அம்மா."

"யார்கிட்ட?"

பதில் தெரிந்திருந்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

முடிவு சரியாக இருந்துவிட்டால், அதை யார் எடுத்தார்கள் என்பது முக்கியமா? அன்று முதல் என்னைக் குடையும் கேள்வி இது. நம் குடும்பங்களில் பிரியம் என்றாலே பிறருக்காக முடிவு செய்வது என்று ஆகிவிட்டது. கவலைப்படுவாளே என்று மறைக்கிறோம். மறைத்ததைத் தியாகம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதற்கென்றே மேல்நாடுகளில் கருவிகள் செய்திருக்கிறார்கள். கணினியிலோ தொலைபேசித் திரையிலோ பார்க்கலாம். இந்தச் சிகிச்சையால் நூறு பேரில் எத்தனை பேருக்குக் குணம், எத்தனை பேருக்குத் தொல்லை, ஒன்றுமே செய்யாமல் உடற்பயிற்சியும் மாத்திரையுமாக இருந்தால் என்ன ஆகும் என்று எளிய படங்களாகக் காட்டும். பிறகு நோயாளியைப் பார்த்துக் கேட்கும்: 'உங்களுக்கு எது முக்கியம்?' கனடாவில் ஆட்டவா நகரத்து மருத்துவமனை ஆராய்ச்சி நிலையம் ஒன்று, இப்படிப்பட்ட கருவிகளை நோய்வாரியாகத் தொகுத்துப் பட்டியல் வைத்திருக்கிறது. 2024-ல் காக்ரேன் அமைப்பு 209 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இக்கருவிகளைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் நிலையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், தங்களுக்கு எது வேண்டும் என்பதில் தெளிவடைந்தார்கள் என்று அது சொல்கிறது.

இதைக் கேட்ட என் நண்பர் ஒருவர் சிரித்தார். "வலியில் துடிக்கிறவளிடம் கணக்குப் புத்தகத்தை நீட்டச் சொல்கிறீரா? முடிவு செய்யும் பாரத்தையும் நோயாளி தலையிலேயே கட்டினால், டாக்டர் எதற்கு?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. 'நீயே பார்த்துச் சொல்' என்று கையைக் கழுவுவது மரியாதை ஆகாது, அது கைவிடுவது. ஆனால் கேட்பது வேறு, கைவிடுவது வேறு. 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள், டாக்டர்' என்று ஒருத்தி சொல்லலாம். அதுவும் அவள் எடுத்த முடிவுதான். கேட்காத வரையில் அந்த முடிவுகூட அவளுடையது இல்லை.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் குரூப் ஹெல்த் என்று ஒரு மருத்துவ அமைப்பு இருந்தது. அங்கே இத்தகைய படங்களை நோயாளிகளுக்குக் காட்டத் தொடங்கிய பிறகு முழங்கால் மாற்றுச் சிகிச்சைகள் 38 சதவிகிதமும், இடுப்பு மாற்றுச் சிகிச்சைகள் 26 சதவிகிதமும் குறைந்தன என்று 2012-ல் வெளியிட்டார்கள். செலவும் குறைந்ததாம். சந்தோஷம். ஆனால் சிகிச்சை குறைந்தால் லாபம் என்று ஒருவரும், கூடினால் லாபம் என்று வேறொருவரும் இருக்கிற உலகத்தில், தராசைச் செய்கிறவர் யார் என்று பார்த்துத்தான் நிறுக்க வேண்டும். எத்தனை பேர் கத்திக்குத் தப்பினார்கள், எத்தனை பேர் உட்பட்டார்கள் என்பது கருவியின் வெற்றி ஆகாது. தெரிந்து சம்மதித்தவர்கள் எத்தனை பேர், தெரிந்து மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

ஊர் பெயர்ந்து வரும்போது கருவியின் கேள்விகளும் மாற வேண்டும். சாப்பாடும் சமையலும் மேஜையோடு நடக்கும் தேசத்தில், 'தரையில் உட்காருவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?' என்று கேட்கத் தோன்றாமல் போகலாம். என் அம்மாவுக்கு அந்த ஒரு கேள்வியில்தான் பாதி வாழ்க்கை இருந்தது.

நம் மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம், நேரம் குறைவு என்பது தெரியும். டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் தமிழில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனால், இரண்டு நிமிஷப் பேச்சும் பொருளுள்ள பேச்சாக இருக்கும். டாக்டர் நாற்காலியைச் சற்றுத் திருப்பி, யாருடைய முழங்காலோ அவரைப் பார்த்துப் பேச வேண்டும். அதற்குக் கருவி வேண்டியதில்லை. பிள்ளைகள் சற்று வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

போன மாதம்தான் எனக்குத் தைரியம் வந்தது. "அன்றைக்கே உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய், அம்மா?" என்றேன்.

சற்று யோசித்தாள். "வலி தாங்க முடியலையே. பண்ணிக்கிறேன்னுதான் சொல்லியிருப்பேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவள் பேசி முடிக்கவில்லை.

"முதல் நாள் உங்க எல்லாரோடயும் கடைசியா ஒரு தடவை தரையில் உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிட்டுட்டுப் போயிருப்பேன்" என்றாள்.