கடலின் வட்டி

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் ஒரே கடலிலிருந்து இரண்டு விளைச்சல் எடுக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாக உப்பு. அதைத் தாண்டிக் கிழக்கே போனால் எக்கியார்குப்பம் போன்ற ஊர்களின் மணலில் மீன். உப்புக்கான பாடு வெளிப்படையானது. களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு வெயிலில் சுண்டவைக்க வேண்டும். பிறகு நீண்ட கழியில் மாட்டிய பலகையால், அடிச்சேறு கலங்காமல், வெள்ளையை மட்டும் வரப்புக்கு இழுக்க வேண்டும். நூறு பாத்தி புதிதாகக் கட்டினால் நூறு பாத்தி உப்பு கூடும். விலை விழலாம், கடலில் உப்பு தீராது.

மீன் அப்படியில்லை. நூறு படகு புதிதாக இறங்கினால் மீன் கூடாது, ஆளுக்கு விழும் பங்குதான் குறையும். வலை எவ்வளவு பெரிதானாலும் விளைச்சலின் அளவைத் தீர்மானிப்பது கடலில் மிஞ்சியிருக்கும் தாய்மீன்கள்தான்.

கரையில் ஏலம் முடிந்ததும் நடக்கும் பங்குக் கணக்கைப் பார்த்தால் இந்தச் சிக்கலின் வேர் தெரியும். விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதலில் கழியும். மிச்சத்தில் படகுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும் பங்கு. ஏறிப்போன ஆட்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. படகுக்காரர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மீன் அவருக்குத்தான் போக வேண்டும், அவருடைய கமிஷனும் கழிய வேண்டும். உழைப்புக்கும் முதலுக்கும் கடனுக்கும் இடம் தரும் நியாயமான பழங்கணக்கு இது. ஆனால் நாளைக்குப் பிடிக்க வேண்டிய மீனுக்கு இதில் பங்கு இல்லை. அதன் சார்பில் கை நீட்ட அங்கே யாரும் உட்காருவதில்லை.

கனடாவின் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954-இல் எழுதியது இதைத்தான். யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற கடலில், லாபம் தெரியும்வரை படகுகள் வந்துகொண்டே இருக்கும். செலவும் வரவும் சமமாகி எல்லோருடைய லாபமும் கரைந்த பிறகுதான் படகுகள் வருவது நிற்கும். 2012-ஆம் ஆண்டில் மட்டும் உலக மீன்வளம் இப்படி இழந்த பலன் சுமார் 8,300 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது.

சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. இந்த வலை இங்கே ஆகாது என்று தடுத்து, மீறியவருக்கு அபராதம் போட்ட வழக்கம் அவற்றுக்கு உண்டு. ஆனால் அவற்றின் சொல் ஊர் எல்லைவரைதான் செல்லும். மீன்கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000-இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. கடலூரிலும் விழுப்புரத்திலும் இது ஊருக்கு எதிரே ஊரை நிறுத்திய சண்டை. தடை சரி என்பதே என் எண்ணம். அதே சமயம், பல குடும்பங்கள் சேர்ந்து பல லட்சம் போட்டு வாங்கிய மடி அது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது வலையைச் சுருட்டி வை என்று ஓர் ஆணை சொன்னால், அது யார் காதில் ஏறும்?

கரைக்கடலில் நெருக்கடி என்றால் ஆழ்கடலுக்குப் போங்கள் என்பது அரசின் பதில். 2017-இல் பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாகச் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகள் தர 1,600 கோடி ரூபாயில் திட்டம் வந்தது. படகின் விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு, இன்னோர் ஐந்தில் ஒரு பங்கு வங்கிக் கடன், மிச்சம் 8 லட்சம் மீனவர் கையிலிருந்து. இலக்கில் ஒரு சிறு பகுதியே நிறைவேறியது. ஓரிரவு கடலில் இருந்து காலையில் திரும்பிப் பழகியவர்கள் அந்த மீனவர்கள். தூண்டில் கயிற்றோடு வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் தலைமுறையாகக் கற்ற தொழில். அந்தத் தேர்ச்சி மானியத்தோடு சேர்ந்து வராது.

ஆழ்கடலும் அள்ள அள்ளக் குறையாத களஞ்சியம் இல்லை. இந்தியப் பெருங்கடலின் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக அதற்கான பன்னாட்டு ஆணையம் 2015-இல் அறிவித்தது. சூரையாவது விரைவில் வளரும் மீன். ஈரலெண்ணெய்க்காகப் பிடிக்கும் ஆழ்கடல் சுறா ஓர் ஈற்றில் சில குட்டிகளே போடும். நியூசிலாந்துக் கடலின் ஆரஞ்ச் ரஃபி நூறு ஆண்டுக்கு மேல் வாழும். இனப்பெருக்க வயதை எட்டவே இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். ஆழம் கூடக் கூட, இருட்டும் குளிரும் கூடி, வாழ்க்கையின் வேகம் குறைகிறது.

இங்கேதான் இன்னொரு கனடாக்காரர், கணித அறிஞர் காலின் கிளார்க், 1973-இல் காட்டியது என்னை உலுக்குகிறது. ஓர் உயிரினம் பெருகும் வேகம் பணத்தின் வட்டியைவிட மிகக் குறைவாக இருந்து, கடைசி ஒன்றைப் பிடிப்பதும் லாபமாகவே இருந்தால், லாபம் மட்டுமே பார்ப்பவருக்கு ஆதாயமான வழி, அதை முழுவதும் பிடித்துவிற்றுப் பணத்தை வட்டிக்கு விடுவதே. திமிங்கிலங்களை வைத்து அவர் போட்ட கணக்கு இது. கடலுக்குத் தனி முதலாளி இருந்தாலும் இதே விடைதான். அந்த முதலாளி கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்திருந்தால் போதும்.

இதைக் குப்பத்து மணலில் வைத்துப் பாருங்கள். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். நெத்திலியும் கவலை மீனும் ஒருவேளை இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம். ஆழ்கடல் சுறா எந்தக் காலத்திலும் கொடுக்காது. மூன்று வட்டிக்குக் கடன் வாங்கி ஆழ்கடலுக்குப் போகிறவர், படகு கரையைவிட்டுக் கிளம்பும் முன்பே அந்தச் சுறாவின் கதையை முடித்துவிடுகிறார். பேராசை அவரை அங்கே தள்ளவில்லை. மீனை விட்டுவைப்பது என்றால் காத்திருப்பது. காத்திருக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நெடுங்காலமாக நாம் கண்ணி அளவையும் இன்ஜின் சக்தியையும் சட்டத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். மீன் பிழைப்பதும் அழிவதும் அதற்கு முன்பே, கடன் பத்திரத்தில் முடிவாகிவிடுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறார்கள். நாளுக்கு 131 ரூபாய். ஒரு மாநிலம் தன் மீன்வளம் பெருகுவதற்காகத் தரும் விலை அவ்வளவுதான். பக்கத்து உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலையற்றுப்போகும் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். அது மழைக்குத் தரும் உதவி. மீனவருக்குத் தருவதை உதவி என்று எழுதும்வரை இந்தக் கணக்கு நேராகாது. கடலில் மீனை வளரவிட்டதற்கு அவர் பெற வேண்டிய கூலி அது. அவரோடு கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஆழ்கடல் மீன்பிடி விதிகள் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தருகின்றன. வரவேற்கிறேன். மரக்காணத்து ஊர்களில் ஒரு சங்கம் நாளை ஓர் ஆழ்கடல் படகு வாங்கினால், அதன் கொள்ளளவையோ ஜிபிஎஸ் கருவியையோ நான் முதலில் விசாரிக்க மாட்டேன். வட்டி எவ்வளவு, தவணை மாதாமாதமா, மீன்பாடு இல்லாத மாதத்தில் அது தள்ளிப்போகுமா, அந்த 61 நாளும் வட்டி ஓடுமா என்று கேட்பேன்.