வேண்டுதல் யாருடையது?

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. காவிரியில் வெள்ளம். மகளின் பேறுகாலத்துக்குக் கிளம்பிய தாய் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே அவள் உருவில் வந்து இரத்தினாவதிக்குப் பிரசவம் பார்த்தார். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதற்குப் பிந்தைய பகுதிதான் பெரிது. குழந்தை பிறந்ததும் அவர் மறையவில்லை. வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து சேரும்வரை கூடவே இருந்தார்.

பணியில் இருந்தபோது, பிரசவமான பெண்களைப் பார்க்க வீடு வீடாகப் போனால் தையலைப் பார்ப்போம், குழந்தையை எடை போடுவோம். "நீ தூங்குறியாம்மா?" என்று கேட்டால்தான் கண்ணில் நீர் முட்டும். ஒரு பெண் கேட்டாள்: "சாமி குடுத்த பிள்ளை நர்சம்மா. பார்த்தா சந்தோஷமே வரலை. நான் பாவியா?" மாமியார் வாசல் நிலையில் வேப்பிலை செருகி, கந்த சஷ்டி கவசம் படிக்கச் சொல்லியிருந்தார். படித்தும் மனம் தேறாதது அவளுக்கு இன்னொரு குற்றமாகிவிட்டது.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் பக்தியைப் பரீட்சையாக்குவதை ஏற்க முடியவில்லை. கதையில் இரத்தினாவதி கூப்பிட்டாள், இறைவன் வந்து வேலை செய்தார். நாமோ கூப்பிடுவது, வேலை செய்வது இரண்டையும் பிள்ளை பெற்றவள் தலையிலேயே கட்டுகிறோம்.

பிரசவமான சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாமல் நீண்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில், பிரசவித்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, அதில் மனச்சோர்வே அதிகம். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குப் புத்தியே தடுமாறும். அதைக் காத்துக் கருப்பு என்று மந்திரித்து நாளைக் கடத்தினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெற பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தனிப் பிரிவு உண்டு. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

"எல்லாம் முன்வினை" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். அப்படியே இருக்கட்டும். அவள் படும் பாட்டைக் கண்டபின் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அது என் கணக்கில்தானே ஏறும்? வினையை நம்புகிறவர்தான் முதலில் எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த மாமியாரிடம் இதைத்தான் சொன்னேன். ராத்திரியில் பேரனை அவர் பார்த்துக்கொண்டார். அவர் மகன் தன் மனைவியை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. கவசத்தை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. மருமகளுக்காக அதை மாமியாரே படிக்க ஆரம்பித்தார்.