நல்ல ஏரியா

"அது நல்ல ஏரியாவா?" வீடு தேடுபவர் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். வாசலில் தடுப்புக் கம்பி, 24 மணி நேரமும் காவலாளி, பக்கத்தில் பள்ளி, நடக்கும் தூரத்தில் எல்.ஆர்.டி. அல்லது எம்.ஆர்.டி. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். நானும் மனைவியும் இதே பட்டியலோடுதான் வீடு பார்க்கிறோம். ஆனால் பார்க்கப் பார்க்க, பட்டியலின் முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றோடொன்று சண்டை போடுவது தெரிகிறது.

காஜாங் எம்.ஆர்.டி. தடம் 2017 ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்டது. திறந்தபோது 51 கிலோமீட்டர், 31 நிலையங்கள். ஆனால் பொதுப் போக்குவரத்து தண்டவாளத்தோடு முடிவதில்லை, நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. நம் வெயிலுக்கு ஒருவர் முகம் சுளிக்காமல் நடக்கக்கூடியது ஐந்நூறு மீட்டர் இருக்கலாம். தாமானைச் சுற்றி மதில் எழுப்பி ஒரே வாசல் விட்டால், மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற நிலையத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். பேருந்தும் உள்ளே வராது. ஆகவே கார் வாங்குகிறோம். எல்லாரும் கார் வாங்கியதும் பேருந்து காலியாக ஓடுகிறது. காலியாக ஓடும் பேருந்து அடிக்கடி வராது. கடைசியில் நிறுத்தத்தில் காத்து நிற்பவர்கள் கார் ஓட்டாதவர்கள்: பாட்டி, பள்ளிப் பிள்ளை, வீட்டு வேலைக்கு வருகிற அக்கா.

சில குடியிருப்புகளில் சாலையே தனியாருடையது. வேறு பல தாமான்களில் சாலை பொதுச் சாலை, கம்பி மட்டும் குடியிருப்பாளர் சங்கத்துடையது. கோத்தா டாமன்சாராவில் சங்கத்துக்குக் கட்டணம் செலுத்த மறுத்த ஒருவர் தொடுத்த வழக்கு 2015இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. ஊராட்சியின் அனுமதியோடு வைத்த கம்பி அவருக்குச் சிரமம்தானே தவிர, சட்டவிரோதமான தடை அல்ல என்று தீர்ப்பானது. வழக்குப் போட்டவர் உள்ளே குடியிருப்பவர். வெளியே நடந்து போகிறவருக்கு அந்தச் சாலையில் என்ன பங்கு என்பதைச் சட்டத்திடம் விட்டுவிட முடியாது, அது நாம் யோசிக்க வேண்டியது.

பாதுகாப்பு என்ற சொல்லின் இன்னொரு முகத்தை வாடகைக்குத் தேடியபோது பார்த்தேன். போனில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், பெயரைச் சொன்னதும், "ஓனர் இந்தியருக்குக் கொடுக்க வேணாம்னு சொல்றாங்க" என்றார். ஓனரே அவர்தான். அவருடைய நல்ல ஏரியாவில் ஆபத்து நான். அதே வாரம் உறவுக்காரர் ஒருவர் அக்கறையோடு சொன்னார்: "அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி, முழுக்க பங்களாக்காரனுங்க." இரண்டும் ஒரே வாக்கியம்தான், பெயர்ச்சொல் மட்டும் மாறியிருக்கிறது. முதலாவது எனக்கு வலித்தது. இரண்டாவதைக் கேட்டு அந்த அறையில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

திருட்டு உண்மை, மோட்டாரில் வந்து சங்கிலி அறுப்பது உண்மை. "தத்துவம் எல்லாம் சரிதான், நீங்க அவுட்ஸ்டேஷன் போற ராத்திரியில நானும் புள்ளையும் என்ன செய்யறது?" என்கிறாள் மனைவி. ஒரு கொள்கைக்காகப் பிள்ளையைப் பணயம் வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பயத்தைக் கேலி செய்யும் எந்த அறத்தையும் நான் நம்பவில்லை.

ஆனால் அந்த வாசலில் நிற்பவரைக் கொஞ்சம் பார்க்கலாம். இங்கே காவலாளி வேலையில் இருக்கும் வெளிநாட்டவர்களில் பலர் நேப்பாளிகள். அந்த வேலை பெர்மிட்டில் வருகிறவர் மனைவி மக்களை அழைத்துவர அனுமதி இல்லை. குடும்பங்களுக்கு ஏற்ற இடம் என்று விளம்பரப்படுத்தும் குடியிருப்பைக் காப்பவர், குடும்பத்தோடு வாழ முடியாதவர். நம் நிம்மதியின் விலையில் ஒரு பங்கை அவர் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் எதை விரும்பலாம்? எனக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்று உண்டு. நான் கேட்பது எல்லாருக்கும் கிடைத்தால் அது கூடுமா, குறையுமா? ரயிலில் ஆள் கூடினால் அடுத்த ரயில் சீக்கிரம் வர வாய்ப்பு உண்டு. தெருவிளக்கு யாருக்கு எரிந்தாலும் என் மகளுக்கும் எரியும். இரவு திறந்திருக்கும் மாமாக் கடையால் அந்தச் சாலைக்கே காவல் கிடைக்கிறது. ஆள் நடமாட்டமே தெருவின் காவல் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே ஒரு புத்தகத்தில் வாதிட்டார். கம்பி மட்டும் வேறு மாதிரி. யாரோ ஒருவர் வெளியே நின்றால்தான் அதற்கு அர்த்தம்.

கம்பி இருக்கும் இடத்திலேயே நாங்கள் வீடு வாங்க நேரலாம். மாதத் தவணை, பள்ளி, அம்மாவின் முட்டிவலி எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். அப்போதும் சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நிலையத்தின் பக்கம் நடப்பவர்களுக்கு ஒரு சின்ன வாசல், அந்தப் பாதையில் நாலு விளக்கு, காவலாளிக்கு உட்கார ஒரு நல்ல நாற்காலி. இப்போதைக்கு, வீடு காட்ட வரும் ஏஜெண்டிடம் ஒன்றைத் தவறாமல் கேட்கிறேன்: "ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து இங்க யாராச்சும் நடந்து வருவாங்களா?" இதுவரை யாரும் உடனே பதில் சொன்னதில்லை.